கொடியின்றிச் சறுக்கிய வீரர்

புது தில்லி: சங்க நிர்வாகிகள் செய்யும் தவறுக்கு வீரர்கள் ஏன் தண்டனை பெற வேண்டும்? தேசிய விளையாட்டு ஆளுகை மசோதா 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் நிறைவேறியபோது இக் கேள்விக்கு மீண்டும் உயிர் வந்தது. இதற்குச் சாட்சியாக நிற்பவர், 'லூஜ்' எனும் பனிச்சறுக்கு வண்டிப் போட்டியில் இந்தியாவின் பெயரை நிலைநாட்டிய சிவ கேசவன்.

பனியையே காணாத பழவங்காடியும் தலச்சேரியும் உள்ள கேரளம்தான் அவரது தந்தையின் மாநிலம். தாய் இத்தாலியர். சிவ கேசவன் வளர்ந்தது இமாசலப் பிரதேசத்தின் மணாலி அருகே.

சிறிய வண்டியில் மல்லாந்து படுத்து, கால்களை முன்னே நீட்டியபடி, பனிக்கட்டிப் பாதையில் மணிக்கு 130 கிலோமீட்டருக்கும் அதிகமான வேகத்தில் பாய வேண்டிய போட்டி இது. வண்டிக்கு பிரேக் கிடையாது. கெண்டைக்காலின் அழுத்தமும் தோள்களின் அசைவுமே திசை திருப்பும். வெற்றி தோல்வி ஒரு விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கில் முடிவாகிறது. 2010 வான்கூவர் ஒலிம்பிக்கில், தொடக்க விழா நாளன்று நடந்த பயிற்சியின்போது ஜார்ஜிய வீரர் ஒருவர் உயிரிழந்தார்.

இதற்கான செயற்கைப் பனிப் பாதை இந்தியாவில் இல்லை. சக்கரம் பூட்டிய வண்டியில் மலைச் சாலைகளில் பயிற்சி பெற்ற சிவ கேசவன், 1998 நகானோ ஒலிம்பிக்கில் பதினாறு வயதில் களமிறங்கினார். 2018 வரை தொடர்ந்து ஆறு குளிர்கால ஒலிம்பிக்குகளில் பங்கேற்றார். ஆசிய சாம்பியன் போட்டியில் 2011, 2012, 2016, 2017 ஆகிய ஆண்டுகளில் தங்கம் வென்றார்.

ஆயினும் 2014 சோச்சி ஒலிம்பிக்கில் அவருக்குத் தேசியக் கொடி இல்லை. இந்திய ஒலிம்பிக் சங்கத் தேர்தலில் அரசின் தலையீடு, ஊழல் குற்றச்சாட்டுக்கு உள்ளானோரின் போட்டி ஆகியவற்றைச் சுட்டிக்காட்டிய சர்வதேச ஒலிம்பிக் குழு, 2012 டிசம்பரில் சங்கத்தை இடைநீக்கம் செய்திருந்தது. புதிய தேர்தல் நடந்து, தமிழகத்தைச் சேர்ந்த என். ராமச்சந்திரன் தலைவரானது 2014 பிப்ரவரி 9. அன்றுதான் சிவ கேசவனின் போட்டியும் முடிந்தது. தடை நீங்கியது பிப்ரவரி 11. மற்ற இரு இந்திய வீரர்கள் மூவர்ணக் கொடியின் கீழ் போட்டியிட்டனர். அவரோ ஒலிம்பிக் கொடியின் கீழ் சறுக்கி முடித்திருந்தார். தேர்தலைச் சில வாரங்கள் முன்னதாக நடத்தியிருந்தால் இந்நிலை நேர்ந்திராது.

2020-ல் அர்ஜுனா விருது பெற்ற சிவ கேசவன், 2022-ல் தமிழக வீரர்கள் சரத் கமல், பவானி தேவி ஆகியோருடன் ஒலிம்பிக் சங்கத்தின் வீரர்கள் ஆணையத்துக்குத் தேர்வானார் என்பது குறிப்பிடத்தக்கது.

புதிய சட்டம் தேசிய விளையாட்டு வாரியத்தையும் தீர்ப்பாயத்தையும் அமைக்க வழிசெய்கிறது. சங்கங்களின் செயற்குழுக்களில் வீரர்களுக்கு இடமளிக்கிறது. ஆனால், வாரிய உறுப்பினர்களை நியமிப்பது மத்திய அரசு. 2012-ல் சிக்கலுக்குக் காரணமாகக் கூறப்பட்டவற்றில் ஒன்று அரசுத் தலையீடு என்பதை மறந்துவிட இயலாது. சங்கங்களைத் திருத்தும் அதிகாரம், சங்கங்களைக் கைப்பற்றும் அதிகாரமாக மாறினால், அதன் விலையை மீண்டும் வீரர்களே கொடுக்க நேரும்.