தோற்ற மல்லனின் பெயர்

மற்போர் தமிழர்க்குப் புதிதன்று. பல்லவன் முதலாம் நரசிம்மன் 'மாமல்லன்' என்னும் பட்டம் பூண்டான். அப்பட்டமே மாமல்லபுரத்தின் பெயரில் நிற்கிறது. அதற்கும் பல நூற்றாண்டு முன்னர், சோழன் போரவைக்கோப் பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனை வென்றதைச் சாத்தந்தையார் பாடினார். புறநானூற்றின் 80ஆம் பாட்டு அது. கிள்ளியின் ஒரு கால் எதிரியின் மார்பிலும் மற்றது முதுகுப்புறத்திலும் ஊன்றிய பிடியைக்கூடப் புலவர் விடவில்லை. விழுந்த மல்லனின் பெயரை மட்டும் அவர் சொல்லவில்லை. ஆமூரான் என்பதோடு சரி. வகுப்பில் இப்பாட்டை நடத்தும்போதெல்லாம் எனக்குக் கிங்காங் நினைவுக்கு வருவார்.

திரைப்படத்துக் குரங்கைச் சொல்லவில்லை. மலாயா, சிங்கப்பூர் அரங்குகளைக் கலக்கிய மல்லரைச் சொல்கிறேன். இயற்பெயர் எமில் சாஜா. 1909இல், அந்நாளில் ஹங்கேரியைச் சேர்ந்திருந்து இன்று ருமேனியாவில் உள்ள பிராசோவ் நகரில் பிறந்தவர். இந்தியாவில் மற்போர் புரிந்து, பின் சிங்கப்பூரில் குடியமர்ந்தார். எடை 400 இராத்தலை ஒட்டியது. அவர் மேடையேறினாலே மக்கள் ஊளையிடுவார்களாம். அதற்காகவே சீட்டு வாங்கியவர்கள் உண்டு எனத் தோட்டத்துப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

அவருக்கு எதிர்நின்று புகழ் பெற்றவர் தாராசிங். 1928இல் அமிர்தசரஸ் மாவட்டத்துச் சிற்றூரில் பிறந்து, 1947இல் பிழைப்புத் தேடிச் சிங்கப்பூர் வந்தவர். ஆலையில் வேலை பார்த்துக்கொண்டே மற்போர் பயின்றார். தர்லோக் சிங்கை வென்று மலாயா வீரரானார். 1952இல் தாயகம் திரும்பி, 1954இல் இந்திய வீரர் பட்டமும் பெற்றார். பஞ்சாபியர்தாம், ஆனாலும் கப்பலேறி வந்து உடலுழைப்பால் உயர்ந்த ஒருவரைப் பால்மரக் காட்டுத் தமிழர் தம்மவராகவே கொண்டதில் வியப்பில்லை.

"பேசி வைத்துக்கொண்ட சண்டைதானே, ஐயா?" என்று மாணவர் கேட்பதுண்டு. தொழில்முறை மற்போரில் வெற்றி தோல்வி பெரும்பாலும் முன்னரே ஏற்பாடானதே, மறைப்பானேன்? ஆயினும் 400 இராத்தல் உடம்பைப் புரட்டுவதும், அவ்வுடம்போடு முதுகு முறியாமல் விழுவதும் ஏற்பாட்டினால் மட்டும் வந்துவிடா. விழுபவர் வேலையே கடினம் என்பது என் கருத்து.

கிங்காங்கால் உயர்ந்தவர் தாராசிங் மட்டுமல்லர். ஜப்பானின் ரிக்கிடோசானும் 1955 நவம்பரில் தோக்கியோவில் அவரை வென்றே ஆசிய வீரரானார். அதற்கு முந்தைய ஆண்டு கனடாவின் சார்ப் சகோதரர்களை அவர் எதிர்த்தபோது, தெருவில் வைத்த தொலைக்காட்சிப் பெட்டிகளின்முன் கூட்டம் நெரிந்தது. போரில் தோற்றிருந்த நாட்டார், வெள்ளையர் விழக் கண்டு களித்தனர். ஆனால் ரிக்கிடோசான் பிறப்பால் கொரியர்! அஃது அவர் வாழ்நாளில் பொதுமக்களுக்கு மறைக்கப்பட்டே இருந்தது. 1963 டிசம்பரில் கத்திக்குத்துக்கு ஆளாகி, 39ஆம் வயதில் மாண்டார்.

1962இல் 'கிங்காங்' என்றே ஓர் இந்திப் படம் வந்தது, கதாநாயகன் தாராசிங். எதிரியின் பெயர்கூட வென்றவர்க்கே போயிற்று. உண்மைக் கிங்காங் 1970இல் மோட்டார் விபத்தில் காயமுற்றுச் சிங்கப்பூரில் இறந்தார். தாராசிங்கோ பின்னாளில் தொலைக்காட்சி இராமாயணத்தில் அனுமனாகி, மாநிலங்களவையிலும் அமர்ந்து, 2012இல் மறைந்தார்.

நான் சிறுவனாயிருந்தபோது, பாகான் செராய்ப் பக்கத் தோட்டத்துத் திடலில் தாராசிங்காக வரப் பத்துப் பேர் முந்துவோம். கிங்காங்காக வர எவனும் இசையான். கடைசியில் பருத்த பையன் ஒருவனைக் கெஞ்சிக் கூட்டி வருவோம். அவன் வராத நாளில் ஆட்டமே இல்லை.