பேசிப் பழகும் மொழி

ஸ்பெயின் நாட்டு மக்கள் சர்க்கரையை ‘அஸூகார்’ என்பர். எண்ணெயை ‘அஸெய்தே’ என்பர். தலையணையை ‘அல்மோஆதா’ என்பர். அரபு ஓதியவர்களுக்கு இவை அந்நியமானவை அல்ல. அஸ்ஸுக்கர், அஸ்ஸைத், அல்மிகத்தா என்னும் சொற்களே அங்ஙனம் உருமாறி நிற்கின்றன. கி.பி. 711 முதல் 1492 வரை அங்கு முஸ்லிம் ஆட்சி, சுருங்கிக்கொண்டே வந்தாலும், நிலைத்திருந்தது. பின்னர் 1567இல் இரண்டாம் பிலிப் மன்னர் கிரானடாவில் அரபு மொழியையே தடை செய்தார். ஆயினும் சந்தையிலும் சமையற்கட்டிலும் புழங்கிய சொற்களை அவரால் என்ன செய்ய முடிந்தது?

நபி (ஸல்) அவர்கள் யூதர்களின் எழுத்தைக் கற்குமாறு ஜைது இப்னு ஸாபித் (ரலி) அவர்களைப் பணித்தார்கள். ஏறத்தாழ 15 நாட்களில் அவர்கள் அதில் தேர்ச்சி பெற்றதாக திர்மிதீ நூல் கூறுகிறது. அவர்களது கூர்மதி ஒருபுறம் இருக்க, அம்மொழிக்குரியோர் மதீனாவிலேயே அண்டை அயலாராக வாழ்ந்ததையும் நாம் கருதவேண்டும்.

நமது மதரஸாக்களில் பல ஆண்டுகள் இலக்கணம் ஓதிய மாணவர், வளைகுடா சென்று இறங்கியதும் திகைத்துப் போகிறார். ‘கைஃப ஹாலுக’ என்று கற்றவரை அங்குள்ளோர் ‘ஷ்லோனக்’ என்று நலம் விசாரிக்கின்றனர். ‘கஹ்வா’ அங்கே ‘கஹ்வா’வாக ஒலிப்பதில்லை, தொண்டையடியில் பிறக்க வேண்டிய காஃப், வன்மை குன்றி மெல்லொலியாகி விடுகிறது. ஓதியது வீண் என்று நான் சொல்லவில்லை. அஸ்திவாரம் அதுதான். ஆனால் அஸ்திவாரத்தின்மீது எவரும் குடியிருப்பதில்லை. கடைக்குச் சென்று தாமே ரொட்டி கேட்டு வாங்குபவரே ஆறு மாதத்தில் பேசுகிறார். (பல நேரங்களில் அக்கடைக்காரர் மலையாளியாக இருந்துவிடுவார், அது வேறு கதை!) நம்மவருடன் மட்டுமே உண்டு உறங்கி, பத்தாண்டு கழித்தும் பத்து அரபுச் சொற்களுடன் ஊர் திரும்புவோர் உண்டு.

இனி நம் வாசலுக்கு வருவோம். திருவள்ளூர் மாவட்டம் கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் இரும்பாலைகளில் பீகார், ஒடிசா, மேற்கு வங்கம் முதலிய மாநிலத்துத் தொழிலாளர்கள் உழைக்கின்றனர். அவர்களுக்கு இது அயலூர். நாமே அவ்வூர் மக்கள். ஆந்திர எல்லையோரம் என்பதால் இங்குள்ளோர் பள்ளி செல்லாமலேயே தெலுங்கு பேசுவர். மொழி பழகும் வழி நமக்குத் தெரியாததன்று. ஆயினும் அத்தொழிலாளி தட்டுத்தடுமாறித் தமிழில் கேட்டால், நாம் அரைகுறை இந்தியில் விடையிறுக்கிறோம். அல்லது சிரித்து விடுகிறோம். சிரிப்புக்கு அஞ்சியவன் மறுபடி வாய் திறப்பானா?

ஜும்ஆவில் நம் தோளோடு தோள் நிற்பவருக்கு நம் தமிழ் பயான் விளங்குவதில்லை. அது ஒரு குறை. அதனினும் பெரிது, பழுக்கக் காய்ந்த இரும்பு பாயும் ஆலையில் ‘விலகு!’ என்ற கூக்குரல் அவருக்கு விளங்காமற் போவது. மருத்துவரிடம் வலியின் இடத்தைச் சொல்ல இயலாமற் போவதும் அத்தகையதே.

ஜமாஅத்தார் வாரம் ஒரு நாள் இஷாவுக்குப் பின் அரை மணி நேரம் பள்ளிவாசல் முற்றத்தில் அவர்களுடன் அமரலாம். முஸ்லிம் அல்லாத தொழிலாளரையும் அழைக்கலாம். பாடநூல் தேவையில்லை, தேநீர் போதும். அவர்கள் பேசட்டும், நாம் பொறுமையாகத் தமிழிலேயே பதில் கூறுவோம், பிழையை நாசூக்காகத் திருத்துவோம். முதல் வாரத்துக்கு இச்சொற்கள் போதுமானவை: நில், விலகு, சுடும், வலிக்கிறது, சம்பளம் எவ்வளவு. அகர வரிசை பிறகு வரட்டும்.