மூன்று நொடிப் பட்டா

1988 மே மாதம் 'செயின்ட் எல்ஸ்வேர்' என்னும் அமெரிக்க மருத்துவமனைத் தொடர் நிறைவுற்றது. கடைசி எழுத்துகள் ஓடிய திரையில் ஒரு பூனைக்குட்டி, மருத்துவக் கருவிகளுடன் பிணைக்கப்பட்டுக் கிடந்தது. இதயத்துடிப்புக் கோடு நேரானது. அப்பூனை கதாபாத்திரமன்று, தயாரிப்பு நிறுவனமான எம்.டி.எம்.மின் அசையும் சின்னம். திரைப்பட நிறுவனமான எம்.ஜி.எம்.மின் கர்ஜிக்கும் சிங்கத்தைக் கேலி செய்து, 1970 முதல் அது தொடர்களின் முடிவில் 'மியாவ்' என்றது. காவல்துறைத் தொடருக்குத் தொப்பி அணிந்து வந்தது; மருத்துவமனைத் தொடருக்கு முகக்கவசம்.

வேடிக்கைதான். ஆயினும் அந்த மூன்று நொடி ஒரு பட்டா. நிலத்தில் உழைப்போர் பலர். பட்டா எவர் பெயரில் என்பதே விளைச்சலைத் தீர்மானிக்கிறது. தொலைக்காட்சியில் விளைச்சல் என்பது மறுஒளிபரப்பு.

இதை முதலில் உணர்ந்தோருள் கியூபாவிலிருந்து குடியேறிய தேசி அர்னாஸ் ஒருவர். லூசில் பாலின் கணவராகக் கியூபர் ஒருவர் திரையில் தோன்றுவதை, அவர் மெய்யான கணவராகவே இருந்தும், சிபிஎஸ் தயங்கியே ஏற்றது. 1951-இல் தொடங்கிய 'ஐ லவ் லூசி'யைச் செலவு மிகுந்த படச்சுருளில் எடுப்பதற்காக இருவரும் ஊதியத்தைக் குறைத்துக்கொண்டனர்; ஈடாகப் படச்சுருள்களின் உரிமையைப் பெற்றனர். பின்னர் அதே சிபிஎஸ், பல இலட்சம் டாலர் கொடுத்து அவற்றை வாங்க நேர்ந்தது. இருவர் பெயரையும் இணைத்த 'தேசிலு' என்ற எழுத்துகளுக்குப் பின்னால் இருந்தது இந்தப் பேரமே.

எல்லோருக்கும் அத்தகைய பேரவலிமை இல்லை. 1970-இல் அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம் விதி வகுத்தது: பெரிய ஒளிபரப்பு நிறுவனங்கள் பிறர் தயாரித்த தொடர்களில் பங்குரிமை கோரவோ, மறுஒளிபரப்பு விற்பனையில் ஆதாயம் பெறவோ கூடாது. நடிகை மேரி டைலர் மூரும் அவர் கணவர் கிராண்ட் டிங்கரும் தொடங்கிய எம்.டி.எம். போன்ற சுதந்திர நிறுவனங்கள் செழித்தது இந்நிழலில்தான்.

ஓப்ரா வின்ஃப்ரே வேறு வழியில் வந்தார். 1988-இல் தம் நிகழ்ச்சியின் உரிமையை ஏபிசியிடமிருந்து தம் நிறுவனத்துக்கே மாற்றினார். 'ஓப்ரா' என்பதன் ஆங்கில எழுத்துகளைப் பின்னிருந்து படித்தால் வருவதே அதன் பெயர், 'ஹார்ப்போ'. ஒரு கறுப்பினப் பெண்ணின் பெயர், தலைகீழாகவேனும், உரிமையாளர் இடத்தில் நின்றது.

ஆணைய விதிகள் 1990-களில் தளர்ந்து 1995-இல் முடிவுற்றன. ஒளிபரப்பு நிறுவனங்கள் தாமே தயாரிப்பாளராகவும் ஆயின. இன்றைய இணையத் தளங்களிலோ, சின்னம் தோன்றும் முன்னரே 'அடுத்த பகுதி' என்னும் பொத்தான் அதன்மேல் வந்து அமர்கிறது.