கடற்கரை ஊர்களில் விதை காக்கும் இரும்பு இறாக்கை

சிறுபோக அறுவடைக்கும் பெரும்போக விதைப்புக்கும் இடையிலுள்ள காலத்தில் விதைநெல்லைப் பழுதுபடாமல் காப்பது கமக்காரரின் முதற் கடமையாகும். ஓர் ஏக்கர் வயலுக்கு ஏறத்தாழ 2 புசல் விதைநெல் வேண்டும். மூன்று ஏக்கர் செய்பவரின் அடுத்த போகம் முழுவதும் ஆறு சாக்குகளுக்குள் அடங்கியிருக்கிறது எனலாம். விதை வெங்காயமும் அவ்வாறே. நிலத்தின் ஈரம் சாக்கில் ஏறுமாயின் நெல் பூஞ்சணம் பிடித்து முளைதிறனை இழக்கும். காற்றோட்டம் இல்லையாயின் வெங்காயம் அழுகும். ஆகவே இவற்றை நிலத்திலிருந்து உயர்த்தி, சுவரிலிருந்து விலக்கி வைத்தல் வேண்டும். இதற்கு இறாக்கை இன்றியமையாதது.

மரத்தாற் செய்த இறாக்கையைக் கறையான் அரிக்கின்றது. எனவே கமக்காரர் பலர் இரும்பை விரும்புகின்றனர். ஆனால் சல்லி, சாம்பல்தீவு, நிலாவெளி முதலிய திருகோணமலைக் கரையோர ஊர்களில் இரும்புக்கும் ஒரு பகை உண்டு. அது கடற்காற்றில் வரும் உப்பு. அயலிலுள்ள உப்புவெளியின் பெயரே இக்கரையின் இயல்பைக் கூறும். இவ்வூர்களுக்கு ஏற்ற இறாக்கையை வெல்டிங் முறையால் அமைக்கும் விதத்தை இத்துண்டுப் பிரசுரம் விளக்குகின்றது.

இரும்பு எவ்விடத்தில் முதலிற் கெடுகிறது?

இரும்பு துருப்பிடிக்க நீரும் காற்றும் போதும். உப்புச் சேருமாயின் துரு விரைந்து பரவும். உப்பு காற்றிலுள்ள ஈரத்தைத் தன்பால் இழுத்து வைத்துக்கொள்ளும். எனவே மழையில்லாத நாளிலும் உப்புப் படிந்த இரும்பு நனைந்தே இருக்கும். மேலும் துருவானது தான் தோன்றிய இரும்பினும் அதிக இடத்தை அடைப்பது. ஆதலின் அது தன் மேலுள்ள தீந்தையைத் தள்ளி உரித்துக்கொண்டு செல்லும்.

வெல்டிங் செய்த இறாக்கை பெரும்பாலும் ஒட்டுகளின் அருகிலேயே முதலிற் பழுதடையும். அதற்குக் காரணங்கள் மூன்று. ஒட்டின் மேற் படியும் கசடு முழுவதும் நீக்கப்படாவிடின், தீந்தை இரும்பிற் பற்றாமற் கசட்டிற் பற்றிப் பின்னர் அதனுடன் உதிரும். கூரான ஓரங்களிலும் தெறித்த உலோகத் துளிகளிலும் தீந்தை மெல்லியதாகவே நிற்கும். இரண்டு இரும்புகள் முகத்துக்கு முகம் படியும் இடத்தில் மயிரிழை போன்ற இடைவெளி அமையும். அதனுட் புகுந்த உப்புநீர் வெளியேறாது. தூரிகையும் அங்கே செல்லாது.

இதனை எழுதுபவர் பண்ணைப் பாடசாலையை விட்டு வந்த புதிதில், சதுரக் குழாய்களால் ஓர் இறாக்கை செய்விக்குமாறு கமக்காரர் ஒருவருக்குக் கூறினார். இறாக்கை பார்வைக்கு அழகாயிருந்தது. தீந்தையும் குறைவறப் பூசப்பட்டிருந்தது. ஆயினும் குழாய்களின் வாய்கள் அடைக்கப்படவில்லை. இரண்டாம் மாரியில் ஒரு கால் உட்புறமாக அரிக்கப்பட்டு ஒடிந்தது. நான்கு புசல் விதைநெல் ஈரநிலத்தில் விழுந்து, விடியுமுன் நனைந்து, பின்னர் சாக்கிலேயே முளைவிட்டது. அக்கமக்காரர் குறை கூறவில்லை. கடனாக நெல் வாங்கி விதைத்தார். வெளியே தீந்தை நன்றாக இருந்தமையால், உள்ளே நிகழ்ந்த அரிப்பை எவரும் அறியவில்லை. தவறு ஆலோசனை கூறியவருடையதே.

அதிலிருந்து கற்ற பாடம் இதுவே: தூரிகை செல்லாத இடம் எதுவும் இறாக்கையில் இருத்தலாகாது. பின்வரும் முறை யாவும் இவ்விதியையே பின்பற்றுவன.

வேண்டிய பொருள்கள்

1. கோண இரும்பு, 1½ அங்குல அகலமும் 3 மில்லிமீற்றர் தடிப்பும் உள்ளது: 3 நீளங்கள்.
2. பட்டை இரும்பு, 1 அங்குல அகலமும் 3 மில்லிமீற்றர் தடிப்பும் உள்ளது: 1 நீளம்.
3. 3 அங்குலச் சதுர இரும்புத் தகடுகள், 5 மில்லிமீற்றர் தடிப்புள்ளவை: 4.
4. பனஞ்சிலாகை, தட்டுகளுக்கு வேண்டிய அளவு.
5. வெல்டிங் குச்சி, 2.5 மில்லிமீற்றர், 6013 என எண்ணிடப்பட்டது.
6. அடிப்பூச்சு, எனாமல் தீந்தை, கம்பித் தூரிகை.

கடையில் ஒரு நீளத்தை 20 அடி என்று வழங்கினும், அது 6 மீற்றராயின் 19 அடி 8 அங்குலமே இருக்கும். வெட்டுமுன் அளந்து பார்க்க. இவ்விறாக்கைக்குச் செல்லும் இரும்பின் நிறை ஏறத்தாழ 35 கிலோகிராம்.

வெட்டும் முறை

முதலாம் நீளத்திலிருந்து 4 அடி 10 அங்குலமுள்ள நான்கு கால்களை வெட்டுக. இரண்டாம் நீளத்திலிருந்து 4 அடித் துண்டுகள் நான்கும் 2 அடித் துண்டு ஒன்றும் வெட்டுக. மூன்றாம் நீளத்திலிருந்து 4 அடித் துண்டுகள் இரண்டும் 2 அடித் துண்டுகள் ஐந்தும் வெட்டுக. இவற்றால் 4 அடி நீளமும் 2 அடி அகலமுமுள்ள மூன்று சட்டங்கள் அமையும். சட்டத் துண்டுகளின் முனைகளை 45 பாகை சாய்வாக வெட்டுதல் நன்று.

கடற்கரையில் வைத்திருந்த இரும்பாயின், வேலை தொடங்குமுன் நன்னீராற் கழுவி, வெயிலிற் காயவைத்து, கம்பித் தூரிகையால் தேய்க்குக. உப்பின் மேற் பூசிய தீந்தை சில மாதங்களிற் கொப்புளிக்கும்.

சட்டம் அமைத்தல்

கோண இரும்புக்கு இரு பக்கங்கள் உண்டு. சட்டத்தில் ஒரு பக்கம் மேலே படுக்கையாகவும், மற்றப் பக்கம் கீழ்நோக்கியும் இருக்கச் செய்க. பலர் இதனை மாற்றி, ஓரம் மேல்நோக்கி நிற்குமாறு தட்டம் போல அமைப்பர். அவ்வாறு அமைத்தால் தூசியும் நெல்லுமியும் ஈரமும் மூலையில் தங்கும். கவிழ்த்து அமைத்தால் எதுவும் தங்காது.

துண்டுகளைச் சமமான நிலத்தில் அடுக்கி, மூலைக்கு ஒரு புள்ளியாக மட்டும் ஒட்டுக. பின்னர் இரு மூலைவிட்டங்களையும் அளக்க. இரண்டும் சமமாயின் சட்டம் நேராயுள்ளது. சமமில்லையாயின் தட்டித் திருத்துக. முழு ஒட்டையும் ஒரே மூலையிற் போடாமல், ஒரு மூலையும் அதற்கு எதிர்மூலையுமாக மாறி மாறிப் போடுக. உருகிய இரும்பு ஆறும்போது சுருங்குமாதலால், ஒரு பக்கமே ஒட்டினால் சட்டம் கோணும்.

கால்களின் உட்புறத்திற் சட்டங்களைப் பொருத்துக. கீழ்ச் சட்டம் நிலத்திலிருந்து 1 அடி உயரத்திலும், நடுச் சட்டம் 2 அடி 10 அங்குலத்திலும், மேற் சட்டம் 4 அடி 8 அங்குலத்திலும் இருக்கட்டும். சட்டத்தின் பக்கம் காலோடு படியும் இடத்திற் சுற்றிலும் இடைவிடாது ஒட்டுப் போடுக. இங்கே இரண்டு புள்ளி ஒட்டுகளோடு நிறுத்துவது பாரத்தைத் தாங்கப் போதுமாயினும், உப்பைத் தடுக்கப் போதாது.

பட்டை இரும்பைப் பின்புறத்தில் இரண்டு குறுக்குச் சாய்வுகளாகவும், இரு பக்கங்களிலும் ஒவ்வொரு சாய்வாகவும் பொருத்துக. சாய்வு இல்லாத இறாக்கை பாரம் ஏறியதும் பக்கவாட்டில் ஆடும்; ஆட்டத்தால் ஒட்டு வெடிக்கும். ஒவ்வொரு காலின் அடியிலும் ஒரு தகட்டை ஒட்டுக.

ஒட்டு வேலையிற் கவனிக்க வேண்டியவை

வெல்டிங் குச்சியின் மேலுள்ள பூச்சு எரிந்து புகையும் கசடுமாக மாறி, உருகிய உலோகத்தைக் காற்றுத் தீண்டாமற் காக்கின்றது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுவீடன் நாட்டவரான ஒஸ்கார் செல்பேர்க் இத்தகைய பூச்சிட்ட குச்சியைச் செய்தார். பூச்சு ஈரமாயின் ஒட்டிற் சிறு துளைகள் விழும். எனவே கடற்கரையிற் குச்சிகளை இறுக மூடிய தகரத்தில் வைத்தல் வேண்டும்.

இத்தடிப்புள்ள இரும்புக்கு 70 முதல் 90 அம்பியர் வரை மின்னோட்டம் பொருந்தும். ஒட்டு ஆறிய பின் கசட்டைத் தட்டி நீக்கி, கம்பித் தூரிகையால் தேய்த்து, வெளிச்சத்திற் பார்க்க. துளை தென்பட்டால் அரத்தால் தேய்த்து மீண்டும் ஒட்டுக. தெறித்த துளிகளை உளியாற் களைந்து, கூரான ஓரங்களை அரத்தால் மழுக்குக.

உயிருக்கும் உடலுக்கும் தீங்கு வராமற் காத்தல் யாவற்றினும் முதன்மையானது. கறுப்புக் கண்ணாடி பொருத்திய முகமூடியின்றி ஒட்டின் ஒளியைப் பார்த்தலாகாது. அவ்வொளியிலுள்ள புறவூதாக் கதிர்களால் ஏற்படும் நோவு உடனே தோன்றாது. சில மணி நேரத்தின் பின் கண்ணில் மணல் விழுந்தது போல உறுத்தும். சிறுவர்களை அப்பால் அனுப்புக. ஈர மணலில் வெறுங்காலுடன் நின்று வேலை செய்தலாகாது. கிடுகுக் கூரை, கிடுகு வேலி, வைக்கோற்போர் ஆகியவற்றின் அருகில் ஒட்டு வேலை செய்யற்க. ஒரு வாளி மணலும் ஒரு வாளி நீரும் அண்மையில் இருக்கட்டும். நாகமுலாம் பூசிய இரும்பாயின், ஒட்டும் இடத்தில் முலாமைத் தேய்த்து நீக்கி, காற்றோட்டமுள்ள வெளியிலேயே ஒட்டுக. அதன் புகை குளிர்காய்ச்சலை உண்டாக்கும். பால் குடித்தால் தீரும் என்பது தவறான நம்பிக்கை. புகையைச் சுவாசியாமல் இருப்பதே வழி.

தீந்தை பூசுதல்

ஒட்டு வேலை முடிந்த அன்றே, மாலைப்பனி விழுமுன் அடிப்பூச்சைப் பூசுக. ஓரிரவு வெளியே கிடந்தால் மீண்டும் கழுவித் தேய்க்க நேரிடும். முதலில் ஒட்டுகளையும் ஓரங்களையும் மட்டும் சிறு தூரிகையாற் பூசி, பின்னரே முழு இரும்பையும் பூசுதல் நல்லது. அடிப்பூச்சு இரண்டு முறையும், அது காய்ந்தபின் எனாமல் தீந்தை இரண்டு முறையும் வேண்டும். நாகம் கலந்த அடிப்பூச்சு கிடைக்குமாயின் கடற்கரைக்கு அதுவே சிறந்தது. ஈயம் கலந்த பழைய வகைப் பூச்சுகளை விதையும் உணவும் வைக்கும் இடத்திற் பயன்படுத்தலாகாது. கச்சான் வீசும் வறண்ட மாதங்களே இவ்வேலைக்கு உகந்தவை. தீந்தை மணம் முற்றாக நீங்கும்வரை விதையை ஏற்றாதிருக்க.

இறாக்கையை நிறுத்திப் பயன்படுத்தல்

பனஞ்சிலாகைகளை அரை அங்குல இடைவெளி விட்டு, கீழே இரு குறுக்குச் சட்டங்களில் அறைந்து தட்டுகளாக்குக. குறுக்குச் சட்டங்கள் இரும்புச் சட்டத்தின் உட்புறமாக இறங்குமாறு அமைத்தால் தட்டு வழுவாது. வேண்டும்போது தூக்கவும் இயலும். இரவில் இரும்பு குளிர்ந்து வியர்க்கும். ஆதலாற் சாக்கும் வெங்காயமும் இரும்பைத் தொடாதிருத்தல் வேண்டும்.

கால்களைச் சீமெந்துக் கட்டிகளின் மேல் நிறுத்துக. சுவரிலிருந்து அரை அடி விலக்கி, மேற்புறத்தை இரு சிறு இரும்புக் கைகளாற் சுவருடன் ஆணியிட்டு இறுக்குக. பிள்ளைகள் ஏறினாலும் சாயாதிருப்பதற்கு இது அவசியம்.

கீழ்த்தட்டில் ஒரு புசல் கொண்ட ஆறு சாக்குகளை, மூன்று மூன்றாக இரண்டு அடுக்குகளில் வைக்கலாம். அவற்றின் பாரம் ஏறத்தாழ 126 கிலோகிராம். அதற்கு மேல் ஏற்றற்க. நெல்லின் ஈரப்பதன் 13 சதவீதத்துக்கு மேற்படாதவாறு உலர்த்திய பின்னரே வைக்க வேண்டும். ஈரநெல்லை எந்த இறாக்கையும் காக்காது. நடுத்தட்டில் மரக்கறி விதைத் தகரங்களை வைக்கலாம். மேற் சட்டத்தின் குறுக்கே தடிகளை இட்டு, உலர்ந்த விதை வெங்காயப் பிடிகளைத் தொங்கவிடுக. உரம், பூச்சிநாசினி ஆகியவற்றை இவ்விறாக்கையில் வைத்தலாகாது. உரம் ஈரத்தை இழுத்து இரும்பை அரிக்கும். பூச்சிநாசினி விதைக்கும் மனிதருக்கும் கேடு.

ஓரடி உயரம் மாரி ஈரத்துக்கு மட்டுமே போதுமானது. 1964ஆம் ஆண்டு டிசம்பர்ப் புயலையும், 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலையையும் கண்ட கரை இது. எச்சரிக்கை கிடைத்ததும் முதலில் மக்கள் மேட்டுநிலம் சேரவேண்டும். காலம் இருப்பின் மட்டும் விதையைக் கொண்டு செல்க.

பட்டறையிற் செய்விப்போருக்கு

இறாக்கையைத் தீந்தை பூசுமுன்னரே சென்று பார்வையிடுக. கசடு நீங்கியுள்ளதா, ஒட்டு சுற்றிலும் இடைவிடாது உள்ளதா, சட்டங்கள் கவிழ்ந்த நிலையில் உள்ளனவா என நோக்குக. குழாயாற் செய்ததாயின் எல்லா வாய்களும் தகட்டால் முற்றாக அடைக்கப்பட்டுள்ளனவா என்பதையும் பார்க்க. தீந்தை பூசியபின் இவற்றுள் எதையும் அறிய இயலாது.

ஆண்டுதோறும் செய்ய வேண்டியது

வாடைமழை தொடங்குமுன், செப்டெம்பரில், ஒரு காலைப்பொழுதை இதற்கென ஒதுக்குக. தட்டுகளைக் கழற்றி வெயிலில் வைத்து, இரும்பை நன்னீர்த் துணியால் துடைத்து, ஒவ்வோர் ஒட்டையும் விரலால் தடவிப் பார்க்க. தீந்தை கொப்புளித்த இடத்தைச் சுரண்டி, அன்றே அடிப்பூச்சும் தீந்தையும் இடுக. இச்சிறு வேலையைத் தவறாது செய்யும் கமக்காரரின் இறாக்கை பல போகங்களின் விதையைத் தாங்கும். ஐயம் ஏற்படின், இரும்பு வாங்குமுன்னரே உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரைக் கண்டு ஆலோசனை பெறுக.