எழுபத்தெட்டுச் சூறாவளியைக் கண்டவர்கள் சொல்லட்டும்

சூறாவளி கொழும்புக்கு வராது என்பது இந்த நகரில் வேரூன்றிய நம்பிக்கை. வங்காள விரிகுடாவில் உருவாகி இலங்கைக்கு வரும் புயல்கள் பெரும்பாலும் கிழக்கு, வடக்குக் கரைகளையே தாக்குவதால் அந்த நம்பிக்கைக்கு ஆதாரமும் உண்டு. ஆனால் காற்று வராத இடத்துக்கும் தண்ணீர் வந்திருக்கிறது. 2016 மே மாதம் ரோனு புயல் இலங்கைக் கரையைக் கடக்கவே இல்லை. இருந்தும் அது உருவாகும்போது கொட்டிய மழையில் களனி கங்கை பெருகிக் கொழும்பின் தாழ்நிலங்களை மூழ்கடித்தது. அரநாயக்கவில் மலை சரிந்து வீடுகளைப் புதைத்தது. 2025 நவம்பர் 28ஆம் திகதி டித்வா புயல் கரையைத் தொட்டது கிழக்கில்தான். ஆனால் கண்டி, பதுளை, நுவரெலியா ஆகிய மலை மாவட்டங்களிலேயே உயிரிழப்பு மிகுதி. நாடெங்கும் 600க்கும் மேற்பட்டோர் மாண்டனர். களனி மறுபடியும் கரைமீறியது.

இந்த ஆபத்தை எதிர்கொள்ள உதவக்கூடிய ஒரு வளம் கொழும்பின் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் கவனிப்பாரற்றுக் கிடக்கிறது. அது சூறாவளிகளைக் கண்டவர்களின் நினைவு. மட்டக்களப்பை உருக்குலைத்து, 900க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளியில் தப்பியவர்கள், 2008இல் நிஷா புயலின் வெள்ளத்தைக் கண்ட யாழ்ப்பாணத்தவர்கள், மண்சரிவை அறிந்த மலையகக் குடும்பத்தினர் என நாட்டின் எல்லாத் திசைகளிலிருந்தும் வந்தவர்கள் இவ்விரு பகுதிகளிலும் வாழ்கிறார்கள். 1978இல் இருபது வயதாக இருந்தவர் இன்று எழுபதை நெருங்குகிறார். அவர்கள் சொல்வதைப் பதிவுசெய்யும் காலம் இதுதான். தள்ளிப்போட்டால் சொல்ல ஆளிருக்காது.

நினைவு உயிர் காக்கும் என்பதற்குச் சான்று உண்டு. இந்தோனேசியாவின் சிமுலுவே தீவில் 1907இன் ஆழிப்பேரலையைக் கண்டவர்கள் அதைத் தாலாட்டாகவும் கதையாகவும் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்தார்கள். 2004இல் நிலம் அதிர்ந்ததும் மக்கள் மேட்டுக்கு ஓடினார்கள். ஏறத்தாழ 78,000 பேர் வாழ்ந்த தீவில் இறந்தவர்கள் ஏழு பேர் மட்டுமே. 1999இன் பெரும்புயலில் ஏறத்தாழ 10,000 பேரை இழந்த இந்தியாவின் ஒடிசா, அந்த இழப்பை மறக்காமல் புயல் காப்பகங்களைக் கட்டியது, கிராமந்தோறும் பயிற்சி அளித்தது. 2013இல் பைலின் புயல் தாக்கியபோது இலட்சக்கணக்கானோர் முன்கூட்டியே வெளியேறினர். உயிரிழப்பு சில பத்துகளோடு நின்றது.

செய்மதியும் ராடரும் இருக்கையில் முதியவர்களின் கதை எதற்கு என்று கேட்கலாம். புயல் எங்கே இருக்கிறது என்பதைக் கருவி சொல்லும். அறிவிப்பைக் கேட்டும் ஒரு குடும்பம் ஏன் வீட்டை விட்டு நகரவில்லை என்பதை அது சொல்லாது. நாகலகம் வீதியிலுள்ள அளவுகோல் களனியின் உயரத்தைக் காட்டுகிறது. அந்த உயரத்தில் எந்த ஒழுங்கைக்குள் முதலில் தண்ணீர் ஏறும், நடக்க முடியாத முதியவரை எந்த வழியால் தூக்கிச் செல்லலாம் என்பதை அங்கே வாழ்ந்தவர்தான் அறிவார். நினைவு பிழைக்கும், மிகைப்படுத்தும் என்பதும் உண்மை. அதனால் காற்றின் வேகத்தை அவர்களிடம் கேட்க வேண்டியதில்லை. தண்ணீர் எந்தச் சுவரில் எவ்வளவு ஏறியது, எச்சரிக்கை எப்போது, எந்த மொழியில் வந்தது என்று கேட்டுப் பலரது பதில்களை ஒப்பிட்டால் பிழை தெரிந்துவிடும். இவற்றைவிடக் கனமான மறுப்பு ஒன்றுண்டு: பழைய அனுபவமே ஆளைக் கெடுக்கலாம். "எழுபத்தெட்டிலேயே தப்பினோம், இது என்ன?" என்று ஒருவர் வீட்டிலேயே இருந்துவிடலாம். ஒரே ஒரு நினைவை மட்டும் பிடித்துக்கொண்டிருப்பதால் வரும் ஆபத்து இது. காற்றால் அழிந்த மட்டக்களப்பு, மழையால் மூழ்கிய யாழ்ப்பாணம், மலை சரிந்த அரநாயக்க ஆகிய மூன்றையும் சேர்த்துக் கேட்பவருக்கு, அடுத்த சூறாவளி முந்தியதைப் போல வரவேண்டியதில்லை என்பது விளங்கும்.

இதற்குப் பெரும் செலவு வேண்டாம். பாடசாலை மாணவர்கள் கைத்தொலைபேசியில் பதியலாம். கோவில், தேவாலய மண்டபங்களில் கூடிக் கேட்கலாம். நூலகங்கள் திரட்டிக் காக்கலாம். அனர்த்த முகாமைத்துவ நிலையம் அவற்றைத் தமிழிலும் சிங்களத்திலும் ஆராய்ந்து, ஒவ்வொரு பகுதியின் வெளியேற்றத் திட்டத்திலும் சேர்க்க வேண்டும். தப்பிப் பிழைத்தவர்கள் பெரும் விலை கொடுத்துப் பெற்ற அறிவை, அடுத்த தலைமுறை உயிர்களைக் கொடுத்து மீண்டும் கற்கும்படி விடுவது அநியாயம்.