ஜாவாத் தீவின் பழமை: பானை ஓடுகள் புகட்டும் பாடம்

ஜாவா என்றவுடன் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது போரோபுதூரின் மாபெரும் தூபியேயாகும். எட்டாம், ஒன்பதாம் நூற்றாண்டுகளில் சைலேந்திர மன்னர் ஆட்சியில் எழுந்த அக்கட்டடத்தில் கதை கூறும் சிற்பப் பலகைகள் மட்டும் 1,460 உள்ளன. இப்பெரும்பணியைக் கண்டு வியந்த முற்கால அறிஞர் சிலர், இந்தியாவினின்று சென்று குடியேறியவர்களே அத்தீவு மக்களுக்கு நாகரிகத்தைக் கற்பித்தனர் என்று முடிவு கட்டினர். 1926ஆம் ஆண்டில் கல்கத்தாவில் நிறுவப்பெற்ற விசால இந்தியச் சங்கத்தைச் சார்ந்தோர் இக்கொள்கையைப் பெரிதும் பரப்பினர். இன்றும் வகுப்பறைகளில் இதன் எதிரொலி கேட்பதுண்டு. இக்கொள்கை எவ்வளவு பொருந்தும் என்பதைப் புதைபொருள் ஆராய்ச்சியின் துணைகொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இருவேறு காலங்கள்

முதற்கண் ஒரு குழப்பத்தை நீக்கிக்கொள்ளுதல் நலம். 1891ஆம் ஆண்டில் யூஜீன் துபுவா என்னும் டச்சு மருத்துவர், சோலோ ஆற்றங்கரையிலுள்ள திரினில் என்னுமிடத்தில் ஒரு மண்டையோட்டின் மேற்பகுதியைக் கண்டெடுத்தார். ‘ஜாவா மனிதன்’ என்று உலகப் புகழ் பெற்றது இதுவே. இன்று இதனை ‘ஹோமோ எரெக்டஸ்’ என்னும் பண்டைய மனித இனத்தில் அடக்குவர். அவ்வினத்தார் பத்து லட்சம் ஆண்டுகளுக்கு முன்னரே ஜாவாவில் வாழ்ந்தனர் என்பதற்குச் சங்கிரான் என்னுமிடத்து எலும்புகள் சான்று பகர்கின்றன. பனியூழிக் காலங்களில் கடல்மட்டம் இன்றுள்ளதைவிட 120 மீட்டர் வரை தாழ்ந்திருந்தமையால், ஜாவா ஆசியப் பெருநிலத்தோடு இணைந்திருந்தது. விலங்குகளும் மனிதரும் நிலவழியாகவே அங்குச் சென்றடைய இயன்றது.

ஆயினும், ‘ஜாவா மனிதனை’ இன்றைய ஜாவா மக்களின் நேர் முன்னோன் எனக் கற்பித்தல் தவறு. இன்று அங்கு வழங்கும் மொழிகள் ஆஸ்திரோனேசிய இனத்தைச் சார்ந்தவை. அம்மொழிகளைப் பேசியோர் தைவான் தீவிலிருந்து பிலிப்பைன்ஸ் வழியே தெற்கு நோக்கிப் பரவினர். ஏறக்குறைய 4,000 ஆண்டுகளுக்கு முன்னர்த் தென்கிழக்காசியத் தீவுகளில் அவர்கள் கால்கொண்டனர் என்பது ஆராய்ச்சியாளர் கருத்து. பக்கமிதவை பூட்டிய மரக்கலங்களைச் செலுத்துவதில் அவர்கள் வல்லவர்கள்.

கல்வெட்டு எழுப்பும் வினா

ஜாவாவின் மிகப் பழைய கல்வெட்டுகள் மேற்குப் பகுதியில் தாருமா நாட்டை ஆண்ட பூர்ணவர்மன் என்னும் மன்னனுடையவை. ஐந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த இவை சம்ஸ்கிருத மொழியில், தென்னிந்தியப் பல்லவ எழுத்தை ஒத்த வரிவடிவில் பொறிக்கப்பட்டுள்ளன. போகோர் நகருக்கு அருகில், சியாருத்தன் ஆற்றில் கிடந்த பாறையொன்றில் மன்னனின் பாதச்சுவடுகள் செதுக்கப்பெற்று, அவை திருமாலின் அடிகளுக்கு ஒப்பிடப்பட்டுள்ளன.

இவற்றுள் துகு கல்வெட்டு நமக்குப் பெரிதும் பயன்படுவது. கோமதி என்னும் கால்வாயை மன்னன் 21 நாட்களில் வெட்டுவித்தான் என்றும், அதன் நீளம் 6,122 வில் என்றும், அதன் நிறைவில் அந்தணர்க்கு ஆயிரம் பசுக்களைத் தானம் செய்தான் என்றும் அது கூறுகிறது. ஒரு வில்லை ஏறக்குறைய ஆறடி எனக் கொண்டால், கால்வாயின் நீளம் சுமார் 11 கிலோமீட்டர் ஆகும். மூன்றே வாரங்களில் இதனை முடிப்பதற்குப் பெருந்தொகையான ஆட்கள் வேண்டும். அவர்களுக்கு உணவளிக்க விளைநிலங்களும், வேலையைப் பகிர்ந்தளித்து நடத்த ஒழுங்கான ஆட்சியும் வேண்டும். இவை யாவும் ஒரே தலைமுறையில் தோன்றியிருத்தல் இயலுமா? கல்வெட்டிற்கு முற்பட்ட காலத்தில் அங்கு என்ன இருந்தது?

மண்ணடுக்குகள் தரும் விடை

மேற்கு ஜாவாவின் வடகரையில் பூனி என்னும் சிற்றூரின் பெயரால் வழங்கும் ஒரு பண்பாடு இவ்வினாவிற்கு விடையளிக்கிறது. இப்பண்பாட்டினர் இறந்தோரைப் பானைகளோடும் மணிகளோடும் புதைத்தனர். இவர்களுடைய கலங்களின் நடுவே அயல்நாட்டுக் கலவோடுகளும் கிடைத்துள்ளன. சிதாரும் ஆற்றின் முகத்துவாரத்தையடுத்த பத்துஜயா என்னுமிடத்தில் இதனினும் தெளிவான சான்று உண்டு. அங்கு நெல்வயல்களின் நடுவே செங்கற்களாலான பௌத்தக் கட்டடங்கள் பல வெளிப்பட்டன. இந்தோனேசிய, பிரெஞ்சு ஆராய்ச்சியாளர் கூடி அகழ்ந்தபோது, அக்கட்டடங்களுக்கும் கீழே பூனிப் பண்பாட்டுப் புதைகுழிகள் காணப்பட்டன. பௌத்தம் வருமுன்னரே அவ்விடத்தில் மக்கள் நிலைபெற்று வாழ்ந்தனர் என்பது இதனால் தெளிவாகும்.

ஜாவாவின் அண்டைத் தீவான பாலியிலும் இதே வரலாற்றைக் காண்கிறோம். அதன் வடகரையிலுள்ள செம்பிரான் என்னும் ஊரில் 1980களின் இறுதியில் இந்தோனேசிய அறிஞர் இ வயான் ஆர்திகா அகழாய்வு நடத்தினார். சுமார் மூன்று மீட்டர் ஆழத்தில், உட்புறத்தில் வட்டவட்டமாகச் சிறு குழிகளை வரிசையாகக் கொண்ட வழவழப்பான தட்டுகளின் ஓடுகள் கிடைத்தன. இவற்றை ‘ரௌலட்டட்’ பாண்டம் என்பர். புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டில் 1945ஆம் ஆண்டில் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தெடுத்த ஓடுகளும் இவ்வகையினவே. செம்பிரான் ஓடுகளின் களிமண்ணைச் சோதித்தபோது, அது அரிக்கமேட்டிலும் இலங்கையின் அநுராதபுரத்திலும் கிடைத்த ஓடுகளின் களிமண்ணோடு ஒத்திருந்தது. இந்தியாவிற்கும் பாலிக்கும் இடையே ஏறக்குறைய 2,000 ஆண்டுகளுக்கு முன்னர்ப் பண்டங்கள் சென்றன என்பது இவ்வாறு உறுதியாயிற்று.

அதே ஊரில் வெண்கல முரசு வார்ப்பதற்குரிய கல்லச்சின் துண்டொன்றும் கிடைத்தது. பாலியிலுள்ள பெஜெங் முரசு 1.86 மீட்டர் உயரமுடையது. செம்போ வெள்ளீயமோ பாலித் தீவில் இல்லை. அவை கடல்கடந்தே வந்திருத்தல் வேண்டும். ஆகவே, சம்ஸ்கிருதக் கல்வெட்டுகள் தோன்றுமுன்னரே அத்தீவினர் உலோகத் தொழிலும் கடல் வாணிகமும் கைவரப்பெற்றிருந்தனர்.

முடிவு கூறுவதில் எச்சரிக்கை

ஓர் ஓடு ஓரிடத்தில் கிடைத்ததனாலேயே, அதனை வனைந்தவரும் அங்குச் சென்று குடியேறினர் என்று கொள்ளுதல் கூடாது. பண்டம் பல கைகள் மாறிச் செல்லக்கூடியது. அதனை ஏற்றிச் சென்ற கப்பல் இந்தியருடையதாகவும் இருக்கலாம், தீவினருடையதாகவும் இருக்கலாம். ஆப்பிரிக்காவையடுத்த மடகாஸ்கரில் இன்று பேசப்படும் மொழி போர்னியோத் தீவின் மொழிகளுக்கு நெருங்கிய உறவுடையது. இந்து மகாசமுத்திரத்தையே கடந்து சென்ற அத்தீவினர், இந்தியத் துறைமுகங்களுக்கும் தம் மரக்கலங்களில் வந்திருத்தல் இயல்பே. மேலும், ‘ரௌலட்டட்’ பாண்டம் எவ்வூரில் வனையப்பட்டது என்பதிலும் கருத்து வேறுபாடு உண்டு. வங்கக் கழிமுகப் பகுதியைச் சுட்டுவோரும் உளர்.

ஜாவா மன்னர்களே தம் ஆட்சிக்குச் சிறப்புத் தேடி அந்தணர்களை வரவழைத்தனர் என்னும் கருத்தை டச்சு அறிஞர் வான் லூர் 1934ஆம் ஆண்டிலேயே வெளியிட்டார். பின்னர்க் கிடைத்த மண்ணடுக்குச் சான்றுகள், தீவினர் தாமே ஆராய்ந்து தமக்கு வேண்டியவற்றை ஏற்றனர் என்னும் கருத்திற்கு வலுவூட்டுகின்றன. இந்தியாவின் எழுத்தும் சமயமும் கலையும் அங்குச் சென்றது மெய். அவற்றைப் பெற்றுத் தம் மரபோடு இணைத்து வளர்த்தவர்கள் முன்னரே பண்பட்டிருந்த மக்கள் என்பதும் மெய். இரண்டையும் ஒருங்கே கற்பிப்பதே ஆசிரியர் கடமை.

நாம் செய்யத்தக்கது

பூனிப் புதைகுழிகளிற் பல, பொன்னும் மணியும் தேடியவர்களால் தோண்டப்பட்டுச் சிதைந்தன. மணிகள் விற்பனையாயின, அவை எந்த அடுக்கில், எவற்றோடு கிடந்தன என்னும் செய்தி என்றென்றைக்குமாக அழிந்தது. செம்பிரானின் சில ஓடுகள் வரலாற்றையே திருத்தியதற்குக் காரணம், அவை கிடந்த ஆழமும் அவற்றின் சூழலும் முறையாகக் குறிக்கப்பட்டமையே.

நம் நாட்டின் கடற்கரைகளிலும் ஆற்றோரங்களிலும் கிணறு வெட்டும்போதும் சாலை அமைக்கும்போதும் இத்தகைய ஓடுகள் வெளிப்படுதல் உண்டு. களப்பணியாளர்கள் அவற்றை அப்புறப்படுத்தாமல், இடத்தையும் ஆழத்தையும் குறித்துக்கொண்டு, தொல்லியல் துறையினருக்குத் தெரிவித்தல் வேண்டும். ஆசிரியர்கள் மாணவர்க்கு இதன் காரணத்தை விளக்குதல் வேண்டும். காலடியில் கிடக்கும் ஓர் ஓட்டின் மறுபாதி ஏதேனும் ஒரு தீவின் மண்ணில் புதைந்திருக்கக்கூடும். உரிய குறிப்போடு காக்கப்பட்டால்தான் இரண்டையும் ஒருநாள் ஒப்பிட்டறிதல் கூடும்.