பகாங்கின் பெண்டஹாராக்கள்

பகாங் வரலாற்றைக் கற்பிக்குங்கால் ‘பெண்டஹாரா’ என்னும் சொல்லை ‘முதலமைச்சர்’ என்று பெயர்த்துவிட்டு மேற்செல்வது நம் ஆசிரியரிடை வழக்கம். பழைய மலாக்காவுக்கு அது பொருந்தும். பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பகாங்கிற்குப் பொருந்தாது. அங்கே பெண்டஹாரா நாட்டை ஆண்டார், வரி தண்டினார், போர் தொடுத்தார். அரசர் என்னும் பெயர் ஒன்றுதான் அவருக்கு இல்லை.

சொல்லின் வேர் வடமொழி. பொருள் சேர்த்து வைக்கும் இடத்தைக் குறித்தது. நம் கல்வெட்டுகளில் வரும் ‘ஸ்ரீபண்டாரம்’ அதன் உறவே. பழம்பொருள் மலாயில் ‘பெண்டஹாரி’ என்பதில் இன்றும் வாழ்கிறது; நம் பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொருளாளருக்கு அதுதானே பெயர்! பெண்டஹாராவோ கருவூலத்தை விட்டுப் படியேறி, சுல்தானுக்கு அடுத்த இடத்தை அடைந்துவிட்டார்.

ஜொகூர்ப் பேரரசில் பகாங் பெண்டஹாராவின் ஆட்சிப்புலமாயிற்று. 1806 முதல் துன் அலி அங்கே ஆண்டார். 1824ஆம் ஆண்டின் ஆங்கில–டச்சு உடன்படிக்கை அப்பேரரசை இரண்டாகப் பிளந்தது. சுல்தான் வீற்றிருந்த லிங்கா டச்சுக்காரர் பக்கம் போயிற்று. பகாங் ஆங்கிலேயர் பக்கம் நின்றது. பட்டம் வழங்குபவர் ஒரு கரையில், பெறுபவர் மறுகரையில்!

இதன் விளைவு 1857இல் வெளிப்பட்டது. துன் அலி இறந்தார். அதே ஆண்டில் லிங்கா சுல்தானையும் டச்சுக்காரர் நீக்கினர். மூத்தவர் துன் முதாகிர் பெண்டஹாராவானார். குவாந்தானையும் எண்டாவையும் தந்தை தமக்கே விட்டுச் சென்றார் என்று இளையவர் வான் அகமது வாதிட்டார். தீர்ப்பளிக்க மேலே எவருமில்லை, வாளே தீர்த்தது. ஜொகூரின் தெமெங்கோங் அபு பக்கார் அண்ணனுக்கும், திரெங்கானு சுல்தானும் சயாமும் தம்பிக்கும் துணை நின்றனர். ஆங்கிலேயர் 1862இல் கோலத் திரெங்கானுவைப் பீரங்கியால் தாக்கும் அளவுக்கு உடன்பிறந்தார் சண்டை வளர்ந்தது. 1863இல் முதாகிர் தோற்று, அவ்வாண்டே மாண்டார்.

வென்றவரும் உடனே சுல்தானாகிவிடவில்லை என்பதைக் கருத வேண்டும். பெண்டஹாரா என்னும் பெயரையே மேலும் ஏறத்தாழ இருபதாண்டுகள் தாங்கினார். பிறநாட்டிலும் இத்தகைய நிலை உண்டு. இத்தாலியில் ‘டியூக்’ என்பது முதலில் படைத்தலைவரைக் குறித்த பெயர். லொம்பார்டிய மன்னருக்கு அடங்கிய பெனெவெந்தோவின் டியூக் அரிக்கிஸ், 774இல் சார்லமேன் அம்மன்னரை வீழ்த்திய பின்னரே இறைமை குறிக்கும் பட்டத்தைச் சூடினார். மேலவர் மறைந்த பிறகே கீழவர் பெயர் மாறுகிறது. அரிக்கிஸ் காத்திருக்கவில்லை; அகமது காத்திருந்தார். பழம்பெயருக்கு மக்களிடம் இருந்த மதிப்பே அதற்குக் காரணம் என்பது என் கருத்து.

1882இல் அவர் சுல்தான் அகமது முஅஸ்ஸாம் ஷா ஆனார். வில்லியம் கமரன் 1885இல் நம் மலைப்பகுதியை அளக்க வந்தபோது இங்கு கோலோச்சியவர் இவரே. முழுவுரிமை ஆறாண்டுகளே நிலைத்தது; 1888இல் ஆங்கிலேய ரெசிடெண்டு வந்து அமர்ந்தார். அகமது 1914இல் மறைந்தார். பகாங் அரியணை இன்றும் அவர் வழியினரிடமே உள்ளது.